குரூப்பில் போட்ட இலை

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவில் ஒரு பள்ளம் இருக்கிறது. என் மகளோடு காலேஜில் படித்த ஒருவன் ஹெல்மெட்டால் அடித்தது. அந்த இடத்தில் அவன் மனைவியின் தலை இருந்தது. அவள் குனிந்துவிட்டாள். கதவு வாங்கிக்கொண்டது.

நான் ஐந்தாவதோடு நின்றவள். எனக்குக் காலேஜ் சினேகிதம் ஏது? மகளுடைய சினேகிதர்கள்தான் எனக்கும். தண்டலம் பக்கம் அவள் இன்ஜினியரிங் படித்தபோது, ஞாயிறு பூசை முடிந்து நாங்கள் வீடு வருவதற்குள் ஹாஸ்டல் பெண்கள் பசியோடு வாசலில் நிற்பார்கள். இப்போது எல்லோரும் நாற்பதைத் தாண்டிவிட்டார்கள். யாருக்குப் பிரமோஷன், யார் பிள்ளை எந்தக் காலேஜில், யாருக்குச் சர்க்கரை வந்திருக்கிறது, எல்லாம் எனக்குத் தெரியும். மகள் ஒரகடத்தில் கார் சீட் தைக்கிற கம்பெனியில் தரம் பார்க்கிறாள். ஷிப்ட் முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே கிளாஸ் வாட்ஸாப் குரூப்பைச் சத்தமாகப் படிப்பாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பேன்.

நேரில் வந்தால் மட்டும் ஆண்கள் இருக்கிற பக்கம் போகமாட்டேன். சமையலறைத் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து கையை மட்டும் நீட்டிக் குழம்புக் கிண்ணத்தைக் கொடுப்பேன். "எங்க கிளாஸ் பசங்களுக்கு உன் மூஞ்சி தெரியாதுமா, வளையல்தான் தெரியும்" என்று மகள் சிரிப்பாள்.

அந்தக் குரூப்பில் ஒரு பழக்கம் உண்டு. எங்கள் வீட்டில் யார் சாப்பிட்டாலும், முதல் வாய் வைப்பதற்கு முன் இலையைப் படம் எடுத்துப் போடவேண்டும். துபாயில் இருப்பவன் வயிறெரிந்து திட்டுவான். அதைக் கேட்க எனக்கும் சந்தோஷம்தான்.

ஹெல்மெட்காரனும் அவன் மனைவியும் அதே வகுப்பு. அந்த பேட்ச்சில் காதலித்துக் கட்டிக்கொண்ட ஒரே ஜோடி. குரூப்புக்கு அட்மின் அவன். கல்யாண நாள் வந்தால் குரூப் முழுக்கப் பூவும் கேக்கும். அவன் ஒரு பெரிய பிளாண்டில் மேனேஜர். அவள் குழந்தைக்காக வேலையை விட்டு, அது வளர்ந்த பிறகு வேறு கம்பெனியில் சேர்ந்தாள். அங்கே அவளும் மேனேஜர் ஆனாள். அந்த வருஷம்தான் அவன் அவள்மேல் கை நீட்ட ஆரம்பித்தான். அது குரூப்பில் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கீழ் உதடு கிழிந்து தொங்கியது. காதுக்கு மேலே ஒரு பிடி முடி வேரோடு போயிருந்தது. மஞ்சள் வைக்கலாமா என்று நான் பார்த்துக்கொண்டிருக்க, அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். அம்மா அப்பா இல்லை. அவளுடைய மகள் திருச்சியில் ஹாஸ்டலில் படிக்கிறாள்.

"யம்மா, என்னைய அனுப்பிராதீங்க. இனிமே போனா கொன்னுபோடுவான்."

ஆஸ்பத்திரியில் உதட்டுக்குத் தையல் போட்டுக் கூட்டி வந்தோம். "குரூப்ல யாரும் மூச்சு வுடக்கூடாது" என்றாள் மகள். அவர்களுக்குள் நெருக்கமான இன்னொருத்தியிடம் மட்டும் சொன்னாள். அவள் இப்போது காலேஜில் பாடம் நடத்துகிறாள்.

மறுநாள் அந்த வாத்தியாரம்மா அழுதுகொண்டே வந்தாள். மூவருக்கும் இலை போட்டு மீன் குழம்பு ஊற்றினேன். அழுகைக்கு நடுவிலேயே அவள் கை போனை எடுத்து இலையைப் படம் பிடித்து, குரூப்பில் போட்டுவிட்டது. எத்தனையோ வருஷப் பழக்கம். புத்தியைக் கேட்காமல் கை செய்கிற காரியம். அவள் இலையை மட்டும்தான் எடுத்தாள். ஆனால் ஓரத்தில் பக்கத்து இலையில் பிசைகிற அந்தப் பெண்ணின் கை விழுந்திருந்தது. மணிக்கட்டில் ஒரு தழும்பு. காலேஜ் லேபில் ஈயம் பற்றவைக்கிற கம்பி சுட்டது. வகுப்பில் அது தெரியாதவர்கள் இல்லை.

முதல் இதயம் போட்டது அவன்.

மகள் தன் போனைப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டாள். "ஏய், இன்னாடி பண்ணி வச்சிக்கிற!"

"ஐயோ, அழிச்சிட்றேன்டி, அழிச்சிட்றேன்."

அழித்தாள். அவன் வீடு கிட்டத்தில்தான், படப்பையில். கதவைச் சாத்தலாம் என்று மகள் போவதற்குள் பைக் வாசலில் நின்றது.

அவன் கத்தவில்லை. நேராக வந்து மனைவியின் பின்னந்தலை முடியைப் பிடித்து இலையோடு சேர்த்து முகத்தைத் தரையில் மோதினான். தையல் பிரிந்து சோறெல்லாம் சிவப்பு. தடுக்கப் போன என் மகளின் கையை முறுக்கினான். எலும்பு ஒடிந்த சத்தம் உள்ளே எனக்குக் கேட்டது. அந்தப் பெண் தவழ்ந்து சமையலறைக் கதவுக்கு வந்து எழ முயன்றாள். அப்போதுதான் ஹெல்மெட் கதவில் விழுந்தது. மறுபடி ஓங்கினான்.

நான் திரைச்சீலைக்குப் பின்னால் இரண்டாவது உலையை வடித்து முடித்திருந்தேன். கஞ்சிச் சட்டி கொதிக்கக் கொதிக்கக் கையில். துணி விலகியது. அவன் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தான். "ஆன்ட்டி, நீங்க உள்ள போங்க" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

நான் அவன் மார்பில் ஊற்றினேன். ஊற்றினேன் என்பது சரியில்லை, வீசினேன். கஞ்சி வழிந்து ஓடாது, ஒட்டிக்கொள்ளும். சட்டையைப் பிய்த்தான், தோலும் கூட வந்தது. மாடு மாதிரி அலறினான். காலி சட்டியால் அவன் முட்டியில் அடித்தேன். விழுந்த பிறகும் அடித்தேன்.

எதிரில் கம்பெனிப் பெண்கள் தங்குகிற ஹாஸ்டல்; பஸ்ஸுக்கு அடையாள அட்டையோடு நின்றிருந்தவர்கள் ஓடி வந்தார்கள். இரண்டு பேர் அவன் காலின் மேல் உட்கார்ந்தார்கள். ஒருத்தி செருப்பால் போட்டாள். "ஏட்டி, போலீசுக்கு அடி! பஸ் போனாப் போவுது, ஓ.டி.ல பாத்துக்கிடலாம்!"

வருத்தப்பட்டேனா என்றால், இல்லை.

கேஸ் எழுதினார்கள். அவன் ஆஸ்பத்திரியிலிருந்து ஜாமீனில் போனான். அடுத்த ஞாயிறு வகுப்பு ஆண்கள் மூவர் சமாதானம் பேச வந்தார்கள். எல்லோரும் பெரிய வேலையில் இருப்பவர்கள். மகள் கட்டுப் போட்ட கையோடு நாற்காலி போட்டாள்.

"அவனுக்கு பிளாண்ட் ஹெட் வர்ற நேரம்மா இது" என்றான் வழுக்கை விழுந்தவன், அந்தப் பெண்ணிடம். "கேஸுன்னு ஒன்னு இருந்தா அவ்ளோதான். உன் பொண்ணுக்கும் நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வரும். ஒரு தடவ தப்பு பண்ணிட்டான். நாங்க பொறுப்பு. வாபஸ் வாங்கிட்டு வூட்டுக்குப் போ."

"நீ பொறுப்புன்னா, நீ போயி அவங்கூட இரேன்" என்றாள் மகள்.

"இது அவங்க குடும்ப விஷயம். நீ சும்மா இரு."

அந்தப் பெண் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் மகளின் கல்யாணம் என்றதும் அவள் தோள் தளர்ந்ததைத் திரைச்சீலை வழியாகப் பார்த்தேன். போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். எனக்குச் சபையில் பேச வராது. துணியை ஒதுக்கி நான்கு இலைகளை நீட்டினேன். "உல கொதிக்குதுப்பா. வடிச்சதும் சாப்ட்டுப் போங்க."

மூவரும் அடுப்பைப் பார்த்தார்கள். பிறகு கதவுப் பள்ளத்தைப் பார்த்தார்கள். "வேணாங்க ஆன்ட்டி" என்று வழுக்கைக்காரன் எழுந்தான்.

அவள் எழவில்லை. ஓர் இலையை என் கையிலிருந்து வாங்கித் தன் முன்னால் போட்டுக்கொண்டாள். நான் வடித்துப் பரிமாறும்வரை அவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் போனை என் மகளிடம் கொடுத்தாள். "என் மூஞ்சியும் விழுற மாதிரி எடு. தையலு தெரியணும். குரூப்புல போடு."

போட்டாள். நின்றிருந்தவர்களின் சட்டைப் பைகளில் மூன்று போன்களும் சிணுங்கின. யாரும் எடுக்கவில்லை.

சிறிது நேரத்தில் மகள் படித்துச் சொன்னாள்: "உன்ன தூக்கிட்டான்டி. அட்மின் ரிமூவ்டு."

அவள் ஒரு பக்கமாகவே மென்று விழுங்கினாள். அவளுக்கு வாய் முழுசாகத் திறக்கவில்லை.

"தூக்கட்டும். நான் வாபஸ் வாங்க மாட்டேன்னு அவங்கிட்ட சொல்லிருங்க" என்றாள் அவர்களிடம். என்னிடம் இலையைத் தள்ளினாள். "யம்மா, இன்னுங் கொஞ்சம் சோறு. கொழச்சிப் போடுங்க, கடிக்க முடியல."