செருப்பு ரப்பர் வைத்த பெடல்

தொண்ணூறுகளில் எங்கள் பாளையங்கோட்டை இன்னிசைக் குழுவில் இரண்டு கிட்டார்கள். ஒன்று என்னுடையது, கைதட்டல் முழுக்க மற்றவனுக்கு, ஜெரால்டுக்கு. ஒலியை மாற்றும் பெடலை அவன் காலால் அமுக்கினால் கிட்டார் உறுமும். என் பெடல் இருமும். எனக்கு வயிறு எரியும்.

பெடலுக்குள்ளே ஏதோ மாற்றியிருக்கிறான் என்று நினைத்து நானும் ஒயர் பற்றவைக்கும் சால்டரிங் பழகினேன். கெப்பாசிட்டரை மாற்றினால் ஒலி மாறும் என்றார்கள். மாற்றினேன். அது ஆடியதால் பழைய செருப்பின் ரப்பரை வெட்டி முட்டுக்கொடுத்தேன். ஒலி கலங்கலாகத்தான் வந்தது. வெட்கத்தோடு வாசித்தேன்.

முக்கூடல் கோயில் கொடைத் திருவிழாவில் மேடையேறும் நேரம், ஜெரால்டின் பெடல் ஊமையானது.

“ஒயர் விட்டுப்போச்சு போல. பத்தவச்சுத் தா லே,” என்று என்னிடம் நீட்டினான். ஆனால் பிடியை விடவில்லை. “உள்ள பாத்துச் சிரிக்கப்பிடாது.”

திறந்தேன். என் பெடலில் இருந்த அதே வகைக் கெப்பாசிட்டர். அதனடியில் அதேபோல் வெட்டிய செருப்பு ரப்பர். ரப்பருக்கும் ஒலிக்கும் சம்பந்தமே இல்லை என்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

“என் பெடல எப்பம் லே திறந்த?”

“உன் சத்தம் எனக்கு வரமாட்டேங்கு,” என்றான், தரையைப் பார்த்தபடி.

பற்றவைத்துக் கொடுத்தேன். அன்றும் கைதட்டல் அவனுக்குத்தான். என் பொறாமை அன்றோடு தீர்ந்தது என்றால் பொய். அதற்கு ஒரு துணை கிடைத்தது, அவ்வளவுதான்.