இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஆறு

தனகோட்டி செஞ்சி மின்சார ஆபீசில் லைன்மேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். தளவானூர்ப் பக்கம் போகும் நாலாம் டிரான்ஸ்பார்மரில் ஐந்து கிணற்று மோட்டார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பம். எதற்கும் நம்பர் எழுதியதில்லை. இவன் டிரான்ஸ்பார்மரிலிருந்து எண்ணிக்கொண்டு போவான். ஊர்க்காரர்கள் ஊர்ப்பக்கமிருந்து எண்ணுவார்கள். கணக்கு இரண்டு என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. தகராறு செய்வது எப்போதும் அருளானந்தத்தின் மோட்டார்தான், அது நட்டநடுவில் இருந்தது. எந்தப் பக்கம் எண்ணினாலும் மூன்று.

அறுபத்து நாலு மாசியில் தனகோட்டி மச்சினன் கல்யாணத்துக்கு அவலூர்பேட்டை போயிருந்தான். அந்த வாரம் வேறு ஆட்கள் வந்து லூர்துமேரி கிணற்றுக்குப் புது இணைப்புக் கொடுத்துவிட்டுப் போனார்கள். திரும்பி வந்ததும் ஆபீசில் சொன்னார்கள். எந்த இடம் என்று இவன் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அருளானந்தம் சைக்கிளில் வந்தார். கிணற்றுத் திட்டில் இருக்கும் சுவிட்சே கெட்டுவிட்டதாம், கம்பத்தில் கரண்டை எடுத்தால்தான் கை வைக்க முடியுமாம்.

"மூணாவதுக்கு பீஸ் புடுங்கிடு. பத்து மணிக்கு நான் எறங்கிடுவேன்."

"எறங்குய்யா, நான் பாத்துக்குறேன்."

பத்துக்கு முன்பே தனகோட்டி மூன்றாவது கம்பத்தில் ஏறி பீஸ் கட்டையைப் பிடுங்கி இறங்கினான். பீடி பற்றவைப்பதற்குள் மல்லாட்டைக் கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த லூர்துமேரி மண்வெட்டியோடு வந்தாள்.

"இன்னா அண்ணே, கல்யாண மயக்கம் தெளியலையா? பாதிக் கொல்லை பாஞ்சிருக்குது, தண்ணிய நிறுத்திட்டியே!"

தனகோட்டி நிறுத்தியது இவளுடையதை, புது இணைப்பு இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் வந்திருக்கிறது. அப்படியானால் அங்கே கரண்ட் இருக்கிறது, அருளானந்தம் கிணற்றில் இருக்கிறார். அவளைக் கூவிக்கொண்டே கிணற்றுக்கு ஓடச் சொல்லிவிட்டு, அடுத்த கம்பத்துக்கு இவன் ஓடினான். ஏறும்போது முழங்கால் தோல் உரிந்தது. கட்டையைப் பிடுங்கிய பிறகுதான் மூச்சு விட்டான்.

கிணற்றை எட்டிப் பார்த்தபோது அருளானந்தம் சுவிட்சு மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, திருப்புளியைப் பல்லில் கடித்தபடி வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். லூர்துமேரி கத்தியதால் கை நின்றிருந்தது.

"மூணுன்னு தானே சொன்னேன்?" என்றார்.

"நானும் மூணைத்தான்யா புடுங்குனேன்."

மறுநாள் தனகோட்டி கறுப்புப் பெயிண்ட் வாங்கி வந்தான். ஒவ்வொரு கம்பத்திலும் இரண்டு நம்பர். முதலாவது எந்த டிரான்ஸ்பார்மர் என்று சொல்லும், இரண்டாவது அதில் எந்த மோட்டார் என்று சொல்லும். அருளானந்தத்துக்கு நாலு கோடு மூன்று. கடைசியாக வந்த லூர்துமேரிக்கு, இடம் எதுவானாலும், நாலு கோடு ஆறு.

பார்வையிட வந்த அதிகாரி முகம் சுளித்தார். "ஒண்ணு, ரெண்டு, ஆறு, மூணு. வரிசையா எழுதத் தெரியாதாய்யா? அழிச்சிட்டு எழுது."

"வரிசையா எழுதுனா, நடுவுல ஒரு மோட்டார் வரும்போதெல்லாம் அத்தனையும் மாறும் சார். இவரு பழைய நம்பரைச் சொல்லிட்டு எறங்கிடுவாரு."

அருளானந்தம் பக்கத்தில்தான் நின்றார். "நான் மூணாவே இருந்துட்டுப் போறேன் சார்."

அதிகாரி நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டார்.

அறுபத்தேழில் இரண்டாம் கிணறு வற்றி அந்த இணைப்பை எடுத்தார்கள். அடுத்து இணைப்பு வாங்கிய ஆதிமூலம், இரண்டு சும்மாத்தானே கிடக்கிறது, தனக்குக் கொடு என்று கேட்டுப் பார்த்தார். தனகோட்டி தரவில்லை, இரண்டு என்றால் ஊருக்கு இன்னும் அந்தப் பழைய கிணறுதான் என்றான். ஏழு என்று எழுதிவிட்டு இறங்கினான்.