பட்டுப்போனதாக நான் எழுதிய மரங்கள்

அந்த ஆண்டு மழை பொய்த்தது. ஆவடிப் பக்கம் எங்கள் ஏரிக்கரையில் நின்ற வேலமரங்கள் இலையெல்லாம் உதிர்த்துவிட்டன. யுத்த காலம், விறகும் கிடைக்கவில்லை. என் ஆறு மாதக் குழந்தைக்குத் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் தெருப் பெண்கள், நான் படித்தவள் என்று என்னிடம் வந்தார்கள். மரங்கள் பட்டுப்போய்விட்டன, விறகுக்கு வெட்ட அனுமதி வேண்டும் என்று தாசில்தாருக்கு மனு எழுதிக் கொடுத்தேன். ஒரு கிளையைக்கூட நான் ஒடித்துப் பார்க்கவில்லை.

அனுமதி வந்த ஒரே வாரத்தில் கரை மொட்டையாகிவிட்டது.

ஐப்பசியில் மழை பெய்ததும் வெட்டிய அடிமரங்கள் துளிர்த்தன. அப்போதுதான் அவை சாகவில்லை என்று தெரிந்தது. துளிர்களை ஆடுகள் கடித்துத் தீர்த்தன. மறு கோடையில் அவற்றுக்குத் தின்ன வேலங்காய் இல்லை. குழந்தைக்குப் பால் தந்துவந்த பக்கத்து வீட்டு அக்காவின் ஆடுகளுக்குப் பால் வற்றிப்போயிற்று.

“மய பேயலன்னா நீ இன்னாம்மா பண்ணுவே? சும்மா அய்துகினு கீறியே. என் ஆடுகூட இப்டி கத்தாது” என்று சிரித்தபடி அக்கா என் காலிச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தார். அன்று குழந்தைக்குக் கஞ்சித் தண்ணீர்தான்.

மழையின் குற்றம் எவ்வளவு, என் குற்றம் எவ்வளவு என்று எனக்கு இன்றும் பிரிக்கத் தெரியவில்லை. கிளையை ஒடித்திருந்தால் உள்ளே பச்சை தெரிந்திருக்கும். கரை வரை நடக்க ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.