மூன்றுக்கு மூன்று

அமெரிக்காவில் ஒரு மாவட்டத்து மன்றம் எந்த முடிவுக்கும் வராமல் இழுத்துக்கொண்டிருந்ததால்தான் கொரோனா காலத்தில் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

திண்டிவனத்தில் ஒரு செல்போன் கடையின் மாடியில் இருந்த டைப்பிங் ஆபீசில் எனக்கு வேலை. அமெரிக்காக்காரர்கள் பேசும் கூட்டங்களின் வீடியோ வரும். கேட்டு, ஒரு வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் அடித்துக் கொடுக்க வேண்டும். ஊரடங்கு போட்டதும் ஓனர் ஆளுக்கொரு கம்ப்யூட்டரைக் கையில் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டார். மயிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் காலனியில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் தண்ணீர் டேங்குக்கு அடியில்தான். அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

அப்பா பெங்களூரில் கட்டட வேலை நின்று ஊருக்கு வந்துவிட்டார். அம்மாவுக்குக் களையெடுப்பு இல்லை, மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கவும் யாரும் கூப்பிடவில்லை. வீட்டில் மூன்று பேருக்கும் சேர்த்து மிச்சமிருந்தது என் வேலை ஒன்றுதான். அதிலும் எனக்கு நிமிடக் கூலி. வீடியோ எவ்வளவு நேரம் ஓடுகிறதோ அவ்வளவுதான் சம்பளம்.

எனக்கு ஒதுக்கியது அந்த மாவட்ட மன்றம். நோய்க்குப் பயந்து அவரவர் வீட்டிலிருந்தே வீடியோவில் கூடினார்கள். ஏழு பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு பேர். ஒருவர் உடம்பு முடியாமல் விலகிவிட்டார். மீதியில் இந்தக் கட்சி மூன்று, அந்தக் கட்சி மூன்று. ஏழாவது ஆளைப் போடுவதற்குப் பெரும்பான்மை வேண்டும். ஓட்டெடுத்தார்கள், மூன்றுக்கு மூன்று.

நோய்க்கென்று தலைநகரத்திலிருந்து ஒரு நிதி வந்து கிடந்தது. ஒரு கட்சி, முதலில் எல்லோரும் முகக்கவசம் போட உத்தரவு, பிறகுதான் நிதியைப் பற்றிப் பேச்சு என்றது. இன்னொரு கட்சி, முதலில் கடைகளைத் திற, பிறகுதான் நிதி என்றது. எதை முதலில் பேசுவது என்பதற்கே ஓட்டு. மூன்றுக்கு மூன்று. ஒருநாள் சாப்பாட்டுக்கு இடைவேளை விடலாமா என்றும் ஓட்டெடுத்து அதுவும் மூன்றுக்கு மூன்றாகப் போனது. கடைசியில் ஒவ்வொருவராகக் கேமராவை அணைத்துவிட்டு, மென்றுகொண்டே எதிர்க்கட்சியைக் கண்டித்தார்கள்.

முகக்கவசக் கட்சியின் தலைவி தன் வீட்டு அறையில் தனியாக உட்கார்ந்து பேசும்போதும் மூக்கு வரை மூடியிருப்பார். பாதி வார்த்தை துணியிலேயே தங்கிவிடும். எதிர்க்கட்சித் தலைவருக்குப் பின்னால் சுவரில் ஒரு மான் தலை. அவர் தன் முகக்கவசத்தை அதன் கொம்பில் மாட்டி வைத்திருந்தார். இருவரும் திட்டுவதற்கு முன் அனுமதி கேட்பார்கள். "மதிப்புக்குரிய நண்பர் பொய் சொல்கிறார் என்பதைத் தலைமையின் அனுமதியோடு பதிவு செய்கிறேன்" என்பார்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். கூட்டம், தீர்மானம், ஓட்டு என்றால் எனக்குப் பெரிய மரியாதை. முதல் வாரம் முழுக்க அந்த அனுமதி கேட்கும் அழகை வியந்துகொண்டிருந்தேன். இரண்டாவது வாரம், பலர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள் என்ற குறிப்பைத் தனியாக ஒரு பட்டனில் வைத்துக்கொண்டேன். மாதம் முடிவதற்குள் அந்தப் பட்டனில் எழுத்து அழிந்துவிட்டது.

தலைநகரத்திலும் இதே சண்டைதான் என்பது செய்தி பார்த்தபோது தெரிந்தது. அங்கே பெரிய ஆட்கள், இங்கே சின்ன ஆட்கள். முதல்நாள் அங்கே ஒருவர் சொன்னது மறுநாள் இங்கே ஒருவர் வாயில் அப்படியே வரும்.

டேங்க் ஆபரேட்டர் எனக்கு மாமா முறை. கட்சிக் கரை வேட்டி கட்டாமல் மோட்டார் சுவிட்சைக்கூடத் தொடமாட்டார். தண்ணீர் ஏறும்வரை என் பக்கத்தில் நின்று வீடியோ பார்ப்பார்.

"இன்னா மாப்ள, இன்னிக்கும் டிராவா?"

"டிராதான் மாமா."

"மூணுக்கு மூணுன்னா இன்னா பேஜாரு இதுல? ஒருத்தன ஜல்தியா வண்டில ஏத்திக்கினு போயி மரக்காணம் ரோட்டுல ஒரு ரிசார்ட்டுல பூட்டி வையி. நாலு நாள் மீன் வறுவல் போடு. அஞ்சாம் நாள் நாலுக்கு ரெண்டு."

"அங்கல்லாம் அப்பிடி செய்யமாட்டாங்க மாமா."

"அதான் உருப்படல. வல்லரசாம், வல்லரசு! ஒரு வேன் புடிக்கத் துப்பில்ல."

அம்மா கஞ்சி கொண்டுவந்தவள் இதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"ஏண்டா, ரெண்டு பேருல யாருடா பொய் சொல்றது?"

"ரெண்டு பேரும் மாத்தி மாத்தி சொல்லிக்கிறாங்கம்மா."

"கற்பூரம் ஏத்தி அணைக்கச் சொல்லு. பொய் சொல்றவன் கை நடுங்கும், தெரிஞ்சிபுடும். ஒரு நாள்ல முடியற வேலை."

"முடிஞ்சிட்டா கூட்டம் சின்னதாயிடும்மா. எனக்கு டைப் பண்ண ஒண்ணும் இருக்காது."

அம்மாவின் முகம் மாறிவிட்டது. "அய்யய்யோ, அப்ப அணைக்க வேணாம்" என்றாள்.

அன்று சாயங்காலமே மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து, கோயில் மூடியிருந்ததால் மயிலம் மலை இருக்கும் திசையைப் பார்த்து நின்று சத்தமாகவே வேண்டிக்கொண்டாள். "முருகா, அந்த ஆறு பேரும் ஒண்ணு சேரக்கூடாதுப்பா. நல்லா இருக்கட்டும், ஆனா அடிச்சிக்கினே இருக்கட்டும்."

அங்கே ஒவ்வொரு கூட்டத்திலும் பொதுமக்கள் மூன்று நிமிடம் பேசலாம். முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் நர்ஸ் ஒருவர் வாராவாரம் வந்தார். கையுறை தீர்ந்துவிட்டது, ஒரே முகக்கவசத்தை வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடுகிறோம், அந்த நிதியில் கொஞ்சம் விடுங்கள் என்று கேட்பார். மூன்றாவது நிமிடம் மணி அடிக்கும். நன்றி சொல்வார்கள். பிறகு, அவர் சொன்னதற்கு எந்தக் கட்சி காரணம் என்று ஒரு மணி நேரம் சண்டை போடுவார்கள். அந்த ஒரு மணி நேரமும் எனக்குக் கூலி. நர்ஸின் குரல் கேட்டதும் எனக்குள் ஒருவன் சந்தோஷப்பட்டான். அவனை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அவன்தான் அரிசி வாங்கிக்கொண்டிருந்தான்.

தாங்காமல் ஒருநாள் ஓனருக்குப் போன் செய்தேன். "சார், நிதிய ரெண்டாப் பிரிச்சி ஓட்டுக்கு விட்டா அந்த நர்ஸம்மாவுக்கு மட்டுமாவது கெடைக்கும் சார். நாம அவங்களுக்கு ஒரு லெட்டர் போடலாமா?"

ஓனர் சிரித்துவிட்டார். "தம்பி, அமெரிக்காவ நீ சரி பண்ணப்போறியா?"

"இல்ல சார், ஒரு யோசனை..."

"அவங்க ஒத்துமையா இருந்தா நீ இன்னா பண்ணுவ? மல்லாட்டை ஒடைப்ப. வர்றத அடி. வராதத அடிக்காத."

அதற்கு அடுத்த வாரம் வந்த வீடியோ பதினோரு நிமிடம்தான் இருந்தது. ஏதோ பாதியில் அறுந்துவிட்டது என்று நினைத்து மறுபடி இறக்கிப் பார்த்தேன். பதினொன்றுதான்.

நர்ஸ் முதலில் பேசினார். மணி அடித்தது, நன்றி சொன்னார்கள், அன்றைக்குச் சண்டைகூடப் போடவில்லை. பிறகு மான் தலைக்காரர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். கூட்டக் குறிப்புகள் மிக நீளமாக வருகின்றன, அதற்கு ஆகும் செலவு மக்கள் பணம், இனி ஆள் வைத்து அடிக்க வேண்டாம், மெஷினே கேட்டு எழுதிக்கொள்ளும். முகக்கவசத் தலைவி உடனே வழிமொழிந்தார். நன்றாகக் கேட்கட்டும் என்று முகக்கவசத்தை இறக்கிவிட்டுச் சொன்னார். குறிப்புகள் ஏன் நீளமாக வருகின்றன என்று யாரும் கேட்கவில்லை. ஆறு பேரும் ஆமோதித்தார்கள். ஒருவர் சிரித்துக்கொண்டே, நம்மாலும் ஒன்றாக வேலை செய்ய முடிகிறது பாருங்கள் என்றார். மற்றவர்கள் கைதட்டினார்கள்.

ஆறு குரலையும் தனித்தனியாக இரண்டு முறை கேட்டுச் சரிபார்த்தேன். சந்தேகமே இல்லை. ஒருமனதாக நிறைவேறியது என்று அடித்தேன். அந்த மன்றத்துக்காக நான் அந்த வார்த்தையை அடித்தது அதுதான் முதல் தடவை.

அம்மா பக்கத்தில் வந்து நின்றாள். "இன்னாடா, அதுக்குள்ள முடிஞ்சிடுச்சி? சண்ட நின்னுபோச்சா?"

"இல்லம்மா. ஒண்ணுல மட்டும் சேந்துக்கினாங்க."

"எதுல?"

"இனிமே என்னை வச்சி டைப் பண்றதில்லன்னு."

அம்மா திரையில் கைதட்டிக்கொண்டிருந்த ஆறு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "அவ்ளோ தூரத்துல இருக்கிறவங்களுக்கு உன்னைய எப்பிடிடா தெரியும்?" என்றாள்.

நர்ஸின் மூன்று நிமிடத்தை மட்டும் இன்னொரு முறை முதலிலிருந்து கேட்டேன். ஓர் இடத்தில் ஒரு சொல்லை விட்டிருந்தேன். அதைச் சேர்த்துவிட்டு அனுப்பினேன்.