வலது முன்சக்கரம்

அந்தத் தெருவில் ஓடாத ஜீப் ஒன்று இருந்தது. ஓடவில்லையே தவிர, அதற்கு நடந்த உபசாரம் ஓடுகிற எந்த வண்டிக்கும் நடந்ததில்லை. பன்னிரண்டு வருடத்தில் இஞ்சினை இரண்டு முறை பிரித்துச் சேர்த்தாயிற்று. ஆற்றில் இறங்கினாலும் தண்ணீர் புகாதபடி காற்றுக் குழாயைக் கூரைக்கு மேல் ஏற்றியாயிற்று. சேற்றில் மாட்டினால் தன்னைத்தானே இழுத்துக்கொள்ள முன் பம்பரில் ஒரு கம்பிவடச் சுருள். ஸ்பிரிங் பட்டைகளை மாற்றி உடம்பை நான்கு விரற்கடை உயர்த்தியும் ஆயிற்று. இத்தனையும் வாங்கிக்கொண்டு வண்டி வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையைவிட்டு ஒரு முழம் நகரவில்லை. மாப்பிள்ளை அலங்காரம் முடிந்துவிட்டது, கல்யாணத்தைத்தான் காணோம் என்று எதிர்வீட்டுத் தபால்காரர் கேலி செய்வார். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது?

இதையெல்லாம் செய்தவர் மெக்கானிக் அல்ல. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். தெருவில் அவரைக் கண்ணாடிக்காரர் என்பார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பின்கட்டு அறையில் அவர், முன்பக்கம் அவருடைய அண்ணியும் அண்ணன் மகளும். தலைமுடிக் கனம் பிசகினாலும் லென்ஸை ஒதுக்கிவிட்டு வேறொன்றை எடுத்து முதலிலிருந்து தேய்ப்பார். அவசரக்காரர்கள் அவரிடம் போவதில்லை. ஒருமுறை போனவர்கள் வேறு இடத்துக்குப் போவதில்லை.

ஜீப் அண்ணனுடையது. மலைமேல் இருந்த ஒலிபரப்புக் கோபுரத்துக்கு ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிப்போவது அண்ணனின் தொழில். நிதானமான மனிதர். கிளம்புவதற்குமுன் நான்கு சக்கரத்தையும் காலால் தட்டிப் பார்ப்பார், நான்காவதைத் தட்டியபின் முதலாவதை இன்னொரு தடவை தட்டுவார். அப்படிப்பட்டவருக்கு ஒரு மத்தியானம் மூன்றாவது வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. வண்டி இடதுபக்கமாக ஒரு மரத்தில் மோதி நின்றுவிட்டது. அண்ணன் வெளியே தூக்கியெறியப்பட்டு, கீழே பாறையில் உயிரில்லாமல் கிடந்தார். விசாரிக்க வந்தவர்கள் பழைய வண்டி என்று ஒரு வரி எழுதிக்கொண்டு போனார்கள்.

அன்று காலையில் பிரேக் வேலை பார்த்தவர் தம்பி.

பிரேக் எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்தால் பெடல் மெத்தென்று உள்ளே போகும், சக்கரம் நிற்காது. அந்தக் காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை அமுக்கிப் பிடிக்க வேண்டும். மற்றவர் கீழே படுத்து, சக்கரத்தின் உட்புறம் இருக்கும் சின்ன நிப்பிளைத் திறப்பார். காற்றும் எண்ணெயுமாகப் பீச்சும். உடனே மூடுவார். மூடிய பிறகுதான் மேலே இருப்பவர் காலை எடுக்கலாம். முந்திக்கொண்டு எடுத்தால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது, எல்லாம் குரல்தான். ‘அமுக்கு’ என்பார் தம்பி. ‘அமுக்கிட்டேன்டா’ என்பார் அண்ணன். திறந்து மூடிவிட்டு ‘விடு’ என்றால், ‘விட்டுட்டேன்டா’ என்று பதில் வரும். ஒரு சக்கரத்துக்கு இப்படி ஏழெட்டுத் தடவை.

கடைசியாகச் செய்தது வலது முன்சக்கரம். நடுவில் கடையிலிருந்து போன் வந்தது, முதலாளி அவசரமாகக் கூப்பிட்டார். கண்ணாடிக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, எல்லாம் முடிந்தது, நீ கிளம்பு என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு ஓடினார். அந்த நிப்பிளை மூடினாரா? ஸ்பேனரை எடுத்தது ஞாபகம் இருக்கிறது. திறந்தது ஞாபகம் இருக்கிறது. அண்ணன் ‘அமுக்கிட்டேன்டா’ என்றது காதிலேயே இருக்கிறது. அதற்கப்புறம் போன் மணிதான்.

பன்னிரண்டு வருடமாக அவர் கண்டுபிடிக்க விரும்பிய விஷயமும் அதுதான், கண்டுபிடிக்கப் பயந்த விஷயமும் அதுதான். வண்டியில் எல்லாம் புதிதானது. அந்தச் சக்கரத்தின் உட்புறத்தில் மட்டும் அன்றைய மலைச்சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. ஸ்பிரிங் மாற்றியபோதுகூட அந்த இடத்தில் கை படாமல் ஒரு துணியைச் சுற்றிவைத்துவிட்டுத்தான் வேலை பார்த்தார்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். கண்ணாடிக்காரருக்குத் தொல்லை கண்ணில் இல்லை, காதில். வண்டிக்கடியில் படுத்து ஏதாவது நட்டைத் திருகிக்கொண்டிருப்பார். மேலே, காலி சீட்டிலிருந்து ‘அமுக்கிட்டேன்டா’ என்று கேட்கும். கூடவே பெடல் ஸ்பிரிங்கின் மெல்லிய கிறீச். பட்டப்பகலில், பக்கத்து வீட்டு ரேடியோ பாடிக்கொண்டிருக்கும்போதே கேட்கும். முதல் வருடம் பதறி எழுந்து நெற்றியை இடித்துக்கொண்டார். பிறகு பழகிவிட்டது. சில நாள் ‘விடு அண்ணே’ என்று பதில்கூடச் சொல்வார். விட்டுவிட்டதாக மட்டும் அந்தக் குரல் ஒருநாளும் சொன்னதில்லை.

அண்ணி தையல்காரி. ஜீப்பின் கான்வாஸ் கூரை அவள் தைத்ததுதான். டிரைவர் சீட்டுக்கு வருடத்துக்கு ஒரு புது உறை தைப்பாள். யாரும் உட்காராத சீட்டுக்கு எதற்கு என்று மகள் கேட்டால், தூசி பிடிக்கிறது என்பாள். உறையை மாட்டும்போது வெளியே நின்றபடியே எக்கி எக்கி மாட்டுவாள், ஏறி உட்கார மாட்டாள். புருஷன் உட்கார்ந்த இடம், மனசு வரவில்லை போலும் என்று கண்ணாடிக்காரர் நினைத்துக்கொள்வார். அவளை நேருக்கு நேர் பார்க்க அவருக்கு எப்போதும் கூச்சம். அவள் சூடாகச் சோறு போட்டு, இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா தம்பி என்று கேட்கும்போதெல்லாம், தெரிந்தால் இந்தக் கை எனக்குச் சோறு போடுமா என்று தோன்றும்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். அண்ணன் மகளுக்கு வேலை கிடைத்தது. மலையில் அங்கங்கே வைத்திருக்கும் மழைமானிகளைச் சுற்றிவந்து அளவு குறிக்கிற வேலை. ஏறக்கூடிய வண்டி இருப்பவர்களுக்கே முதல் இடம் என்று சொல்லியிருந்தார்கள். அவள் சித்தப்பாவிடம் வந்து, நம்ம ஜீப்பை எடுத்துக்கொள்கிறேன் என்றாள். பிரேக் மட்டும்தானே பாக்கி, உங்களுக்கு நேரமில்லை என்றால் சனிக்கிழமை மெக்கானிக்கை வரச்சொல்கிறேன் என்றும் சொன்னாள்.

மெக்கானிக் வந்தால் துணியை அவிழ்ப்பான். பார்ப்பான். பார்த்ததை முற்றத்தில் நின்று எல்லோருக்கும் கேட்கிறமாதிரி சொல்வான். மடியில் கனம் இருப்பவருக்கு இதைவிட வேறு பயம் என்ன வேண்டும்? நானே செய்கிறேன் பாப்பா என்றார்.

அந்த வாரம் முழுக்க மற்ற மூன்று சக்கரங்களுக்கும் புது ரப்பர், புதுக் குழாய் போட்டார். வெள்ளிக்கிழமை காலை மிஞ்சியது ஒன்று. மகள் கையெழுத்துப் போட ஆபீசுக்குப் போயிருந்தாள். கண்ணாடிக்காரர் துணிக்கு முன்னால் வெகுநேரம் குந்தியிருந்தார். மேலே சீட் காலியாக இருப்பதை நினைத்தாலே கை வரவில்லை. எழுந்துபோய், தையல் மெஷின் முன் இருந்த அண்ணியிடம் கொஞ்சம் வந்து சீட்டில் உட்கார முடியுமா என்று கேட்டார்.

மெஷின் நின்றது. அண்ணியின் முகம் வெளிறிப்போனதை அவர் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்றே நினைத்தார். அவள் நூலை அறுத்துவிட்டு எழுந்துவந்தாள். ஜீப்பின் பக்கத்தில் கொஞ்சநேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஏறி உட்கார்ந்தாள்.

“சும்மா உக்காந்திருங்க அண்ணி. சொல்றப்ப அமுக்கினாப் போதும்” என்று சொல்லிவிட்டு அவர் கீழே போனார்.

துணியை அவிழ்த்தார். சேறு சில்லுசில்லாகப் பெயர்ந்து மார்பில் விழுந்தது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்தார். நிப்பிள் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். திறந்திருந்தால் மரை வெளியே தெரிய வேண்டும். ஒரு மரைகூடத் தெரியவில்லை. அடிவரை போய் உட்கார்ந்திருந்தது. ஸ்பேனரை வைத்து மூடுகிற பக்கமாகவே திருகிப் பார்த்தார். இம்மியும் நகரவில்லை.

மூடித்தான் இருந்தது. பன்னிரண்டு வருடமும் மூடித்தான் இருந்திருக்கிறது. கண்ணாடிக்காரருக்கு அங்கேயே, முதுகில் மண் குத்த, வாய்விட்டு அழ வேண்டும்போல இருந்தது. எழுந்துபோய் அண்ணியை முதல்முறையாக நிமிர்ந்து பார்க்கலாம் என்று நினைத்தார்.

அப்போதுதான் மேலேயிருந்து அண்ணி பேசினாள்.

“தம்பி, நீங்க அதைப் பாக்கறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நீங்க கடைக்குப் போன பிறகு உங்க அண்ணன் பெடலை அமுக்கிப் பாத்தாரு. மெத்துனு இருக்குன்னாரு. என்னை இங்க உக்கார வச்சிட்டு அவரே கீழ படுத்தாரு.”

கண்ணாடிக்காரர் ஸ்பேனரை நிப்பிளிலிருந்து எடுத்தார்.

“கடைசித் தடவை, நான் அமுக்கிட்டேன்னு சொன்னேன். அவரு விடுன்னு சொல்லலை. அதுக்குள்ள உள்ள பாப்பா கத்தினா. பல்லியைப் பாத்துக் கத்தினா தம்பி, வேற ஒண்ணுமில்லை. நான் காலை எடுத்துட்டு ஓடிட்டேன். எடுத்துட்டேன்னு அவர்கிட்ட சொல்லவே இல்லை. திரும்பி வர்றதுக்குள்ள வண்டி கிளம்பிடுச்சு.”

அவள் அழவில்லை. அழுது முடித்துப் பல வருடம் ஆகியிருந்தது. முன்கூட்டிக் காலை எடுத்தால் காற்று உள்ளே போகும் என்று பிற்பாடு யாரோ பேச்சுவாக்கில் சொல்லக் கேட்டாளாம். அன்றிலிருந்து இந்தப் பெடலைப் பார்க்க முடியவில்லையாம். பெற்ற பெண்ணிடமும் சொன்னதில்லை, இப்போது அவளே இந்த வண்டியில் போகப்போகிறாள் என்றாள்.

கண்ணாடிக்காரர் நிப்பிளைப் பார்த்தபடி கிடந்தார். நிப்பிள் திறந்திருந்தபோது கால் எடுபட்டால் காற்று உள்ளே போகும். போனதை அறியாமல் அண்ணன் மூடியிருக்கிறார். கடைசியாகப் பெடலை ஒருதரம் அமுக்கிப் பார்த்தாரோ என்னவோ, மூன்றாவது வளைவுவரை அது தாங்கியிருக்கிறது. லென்ஸில் கோடு தெரிகிறமாதிரி எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. தன் தலையிலிருந்து இறங்கிய பாரம் எங்கே போய் உட்கார்ந்தது என்பதும் தெரிந்தது.

“இறுக்கமாத்தானே இருக்கு?” என்று அண்ணி கேட்டாள். “சொல்லுங்க தம்பி.”

“லூசா இருக்கு அண்ணி” என்றார். “ரெண்டு சுத்து லூசு. எண்ணெய் பூரா இதுவழியாத்தான் போயிருக்கு. நீங்க காலை எடுத்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.”



“அவரா மூட மறந்தாரு? அவரு அப்படி மறக்கிற ஆளே இல்லையே.”

“அன்னைக்கு மறந்துட்டாரு அண்ணி.”

சொல்லிவிட்டு, எங்கே அவள் இறங்கிவந்து பார்த்துவிடுவாளோ என்று மண்ணெண்ணெயை ஊற்றி, இரண்டு கையாலும் ஸ்பேனரைப் பிடித்து, புறங்கைத் தோல் உரிய உரிய அந்த நிப்பிளைத் திறந்தார். செத்தவர் எல்லாவற்றையும் தாங்குவார், இருப்பவர்களால் முடியாது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மேலே அண்ணி அழத் தொடங்கியிருந்தாள். பழைய அழுகை அல்ல, மூச்சுவிட முடிந்தவளின் அழுகை.

ரப்பரை மாற்றி எண்ணெய் ஊற்ற மத்தியானம் ஆகிவிட்டது. அதுவரை அண்ணி சீட்டைவிட்டு இறங்கவில்லை.

“அமுக்குங்க அண்ணி.”

“அமுக்கிட்டேன் தம்பி.”

திறந்து, மூடி, விடச் சொன்னார். கால் நகரவில்லை. நல்லா மூடிட்டீங்களா என்று கேட்டாள். மூடிவிட்டேன் என்றார். இன்னொரு தடவை பாருங்க என்றாள். பார்த்தார். பிறகுதான் காலை எடுத்தாள். நான்கு சக்கரத்துக்கும் அப்படியேதான்.

ஞாயிற்றுக்கிழமை மகள் மலைக்குப் போய்விட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவந்தாள். பெடல் கல்லு மாதிரி நிற்கிறது சித்தப்பா என்றாள். அண்ணி அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். முகம் தெளிந்திருந்தது, வயதில் நாலைந்து குறைந்தவள்போல இருந்தாள். வண்டியை எடுப்பதற்குமுன் எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்க்க வேண்டும் என்று மகளுக்குப் புத்தி சொன்னாள். உங்கப்பா ஒரு நிப்பிளை மூட மறந்துதான் போய்ச்சேர்ந்தார் என்றாள்.

“அப்பா அவ்வளவு அஜாக்கிரதையான ஆளாம்மா?” என்று மகள் கேட்டாள்.

அண்ணி கண்ணாடிக்காரரைப் பார்த்தாள். அவர் எழுந்து கொட்டகைக்குப் போனார்.

சூடு ஆறாத இஞ்சின் டிக்டிக்கென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. எண்ணெய் கசிகிறதா என்று பார்க்க வலது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்தார். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. மேலே காலி சீட்டில், பெடல் மெல்லக் கிறீச்சிட்டது.

‘அமுக்கிட்டேன்டா.’

குரலில் கோபமே இல்லை. என்றைக்கும்போல, தம்பி சொல்கிறவரை காலை எடுக்காமல் காத்திருக்கிற குரல். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. விடு அண்ணே என்று சொல்ல வாயைத் திறந்தார். பழக்கமான அந்த இரண்டு வார்த்தை அன்று வரவில்லை.