எதிரெதிர் வாசல்

கல்லூரியில் நான் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவல்கள் நடத்துகிறேன். கோபப்படும் மனைவியைப் பைத்தியம் என்று சொல்லிக் கணவன் அறையில் பூட்டிவைக்கும் கதை ஒன்றை, நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி நடத்தும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பதறிவிட்டார்.

“உள்ள ஆள் இருக்கையில வெளிய பூட்டா? வெடிச்சா எங்குட்டு ஓடுறது? நம்ம வெடிமருந்து ரூமுக்கே எதிரெதிரா வாசல் வச்சிருக்கோம். அவனுக்கு எவன் லைசென்ஸ் குடுத்தான்?”

“உள்ள இருந்தது வெடியில்லங்க, பொண்டாட்டி. அவளக் கிறுக்கின்னு சொன்னதே அவன்தான்” என்று கத்தினேன்.

“பாத்தியா, கண்டதயும் படிச்சு உனக்கும் இப்படி ஆயிருச்சு” என்று கனிவாகச் சொன்னவர், நாவலைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

எங்கள் பீரோவுக்கு எதிர்ப்பக்கம் வாசல் கிடையாது.