தம்பியின் காரில் சார்ஜ் ஏறாத வாரம்

அந்த வாரம் முழுக்க என் தம்பிக்கு நான் அனுப்பிய ஒரே செய்தி "ஏறுதா?" என்பதுதான். காலையில் பல் விளக்கும்போது ஒன்று. கிளினிக் முகப்பில் நோயாளிகளின் பெயரைப் பதிந்துகொண்டே ஒன்று. மதியம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கும் முன் இன்னொன்று. பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் அனுப்புவான். சில சமயம் அதுவும் வராது. வராவிட்டால் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

ஏற வேண்டியது அவனுடைய மின்சாரக் காரில் சார்ஜ். அவனுக்கு ஆபீஸ் வேலை போனபிறகு மாதக்கணக்கில் சிங்கப்பூர் பூன் லேயில் இருக்கும் தன் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து, அணைத்துவைத்த டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டால் பதில் இல்லை. சோறு போட்டால் தின்றான், போடாவிட்டால் கேட்கவில்லை. அந்த ஊமைத்தனத்தைப் போல என்னைப் பயமுறுத்தியது வேறெதுவும் இல்லை. பிறகு தானே எழுந்து, வாடகைக் கார் உரிமம் எடுத்து, கடன் போட்டு இந்தக் காரை வாங்கி, ஆப்பில் ஆள் ஏற்றி ஓட்ட ஆரம்பித்தான். பேச்சும் திரும்பி வந்தது. பயணிகள் போனில் போட்ட சண்டைகளை எல்லாம் என்னிடம் ஒப்பிப்பான். இந்தக் கார் நின்றால் அவன் மறுபடி சோபாவுக்குப் போய்விடுவான். எனக்கிருந்த கவலை அது ஒன்றுதான்.

சனிக்கிழமை மதியம் அவனைத் தனியே விட மனமில்லாமல் நானும் காரில் ஏறிக்கொண்டேன். முதலில் அவன் அடுக்குமாடி புளோக் கார்பார்க்கில் இருந்த சார்ஜ் மெஷினில் பார்த்தோம். வயரைச் சொருகினால் பச்சை விளக்கு சிமிட்டும், டக்கென்று ஒரு சத்தம், அப்புறம் சிவப்பு.

"இந்த மெஷின் சரியில்ல லா," என்றான்.

குவீன்ஸ்டவுன் போனோம். அங்கேயும் பச்சை, டக், சிவப்பு. மிச்சமிருந்த சார்ஜைக் காப்பாற்ற ஏசியை அணைத்துவிட்டான். கண்ணாடியை இறக்கிக்கொண்டு, வெந்துபோய் சிராங்கூன் சாலைப் பக்கம் வந்தோம். அங்கும் அதே கதை.

"ஏன்டா, ஊர்ல இருக்கிற மெஷின் எல்லாம் சேர்ந்து உனக்கு எதிரா சங்கம் வச்சிருக்கா?"

அவன் சிரிக்கவில்லை. பின்னால் காத்திருந்தவன் ஹாரனை அழுத்தினான். தலையை வெளியே நீட்டித் தமிழிலேயே நாலு கொடுத்தேன். பாஷை தெரியாவிட்டாலும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுத்திருக்கேன்கா. அவங்க பார்த்துக்குவாங்க," என்று தம்பி திரும்பத் திரும்பச் சொன்னான். புதுக் காருக்கு எதுக்குடா கூடுதலாக இன்னொரு வாரண்டி என்று வாங்கும்போதே கேட்டிருந்தேன். மனசுக்கு ஒரு தெம்பு என்றான்.

காரைச் சர்வீஸ் நிலையத்தில் விட்டோம். முகப்பில் இருந்தது நம்ம தமிழ்ப் பெண். கொஞ்ச நேரத்தில் டேப்லெட்டைக் கொண்டுவந்து ஒரு படத்தைக் காட்டினாள். வயரைச் சொருகும் சாக்கெட். அதன் துளைகளுக்குள் மஞ்சளாக ஏதோ காய்ந்து அப்பியிருந்தது. நடுநடுவே சிவப்பு.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, நான் ரிப்போர்ட்ல வெளிப்பொருள்னுதான் போட்டிருக்கேன். ஆனா இது சந்தனம் குங்குமம்தானே? மழையில கரைஞ்சு உள்ள இறங்கி, உலோகப் பின் எல்லாம் அரிச்சுப்போச்சு. வெளியிலேர்ந்து எதையாவது போட்டு அதனால பழுதானா வாரண்டி கவர் பண்ணாதுக்கா."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வேறு யார்? தம்பி பெண்டாட்டிதான். வெள்ளிக்கிழமை ஆனால் ஃப்ரிட்ஜுக்கும் பொட்டு வைக்கிறவள் அவள்.

"வீட்டுக்குப் போய் அவளை ஒரு பிடி பிடிக்கறேன் பாரு. பக்தி இருக்க வேண்டியதுதான், அதுக்காக பிளக்குக்குள்ளயா கொண்டுபோய்..."

"நான்தான்கா," என்றான் தம்பி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவனா? சின்ன வயதில் நெற்றியில் திருநீறு பூசினால் தெருமுனை தாண்டும்முன் சட்டைக்கையால் துடைத்தெறிவான். இன்றைக்கும் நாங்கள் கோயிலுக்குள் போனால், அவன் எதிர்க்கடையில் தே தாரேக் டீ குடித்துக்கொண்டு நிற்பான்.

"தினமும் காலையில, வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி. மூடிக்குள்ள வச்சா யாருக்கும் தெரியாதுல்ல." மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "இதுவும் போயிட்டா எனக்கு வேற என்னக்கா இருக்கு?"

அந்தப் பெண் சட்டென்று பிரிண்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிரிண்டரில் எதுவும் வந்துகொண்டிருக்கவில்லை.

பேச்சு வந்ததும் பயம் போய்விட்டது என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது போகவில்லை. தினமும் பக்கத்து சீட்டில் அதை உட்காரவைத்துக்கொண்டுதான் ஓட்டியிருக்கிறான். கம்பெனிக்காரனிடம் ஒரு காப்பு, அம்மனிடம் ஒரு காப்பு என்று இரண்டையும் வாங்கிவைத்தான். கடைசியில் ஒன்றே மற்றதைக் கெடுத்துவிட்டது. பாவம், என் தம்பி.

சாக்கெட்டை மாற்ற எங்கள் காசைத்தான் கொடுத்தோம். கார் திரும்பி வரும்வரை அவன் அந்தச் சோபாவில்தான் இருந்தான். நான் வேலை முடிந்ததும் ரயிலேறிப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, வாய் ஓயாமல் ஏதேதோ பேசினேன். முதல் வேலையாக டிவியைப் போட்டுவிடுவேன்.

கார் வந்த அன்று அங்கேயே தங்கிவிட்டேன். காலையில் இருவரும் கீழே இறங்கினோம். பச்சை விளக்கு அப்படியே நின்றிருந்தது, சார்ஜ் முழுசாக ஏறியிருந்தது. தம்பி வயரைக் கழற்றினான். மூடியைச் சாத்தும்முன் அவன் கை சட்டைப் பைக்குப் போனது. போனது, அப்படியே நின்றது.

நான் அவன் பைக்குள் கையை விட்டேன். குங்குமம் வைத்த சின்ன டப்பா.

"காருக்கு வச்சாத்தானே வாரண்டி போகும்? குனிடா."

குனிந்தான். நெற்றியில் வைத்துவிட்டேன். கண்ணாடியில் பார்த்து, "கோணலா இருக்குக்கா," என்றான்.

"இருந்தா இருக்கட்டும், போ."

அன்று மதியம் கிளினிக்கிலிருந்து செய்தி அனுப்பினேன். "ஏறுதா?" என்று கேட்கவில்லை. "துடைச்சிட்டியா?" என்று கேட்டேன்.

கட்டைவிரல் வரவில்லை. "இல்ல லா அக்கா" என்று எழுதியிருந்தான்.